பாயை மறந்த துறைமுகம்

திருகோணமலை உட்துறைமுகத்தை நோக்கி நிற்கும் ஓர்ஸ் ஹில் மேட்டிலே, ஒரு வீட்டின் பின்வளவில், ஓர் இளைஞன் நான்கு பலகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "என் கையாலேயே ஒரு பாய்வள்ளம் கட்டப்போகிறேன்" என்று சொல்வானாயின், அவனுக்கு என்ன மறுமொழி கிடைக்கும்? கந்தோர் உத்தியோகத்தர் நகைப்பார், "துரைமாரின் பொழுதுபோக்கு உனக்கேன்?" என்பார். முன்னேற்றம் பேசுவோர், "இயந்திர யுகத்திற் பாயா?" என்பர். குலப்பெருமை பேசுவோர், "அது ஓடாவியின் வேலை, படித்த பிள்ளை உளி பிடிப்பதா?" என்று முகஞ்சுழிப்பர். எச்சரிக்கையே வாழ்வாகக் கொண்டவர் குரலைத் தாழ்த்தி, "கடற்படை பார்த்தால் என்ன சொல்லும்?" என்று கேட்பார்.

நாம் அந்த இளைஞனின் பக்கம் நிற்கிறோம். ஒருவன் தன் வீட்டு வளவில் வள்ளம் கட்டுவது வெறும் மரவேலை என்று நாம் கருதவில்லை. கடலோரத்திற் பிறந்து, கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, ஆனாற் கடலிற் கால்வைக்கும் உரிமையையும் திறனையும் இழந்துவிட்ட ஒரு சமூகம், அவ்விரண்டையும் மீட்டெடுக்கும் முதற்படி அது. எனவே மேற்சொன்ன நான்கு மறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

துரைமாரின் பொழுதுபோக்கு என்பது முதலாவது மறுப்பு. வரலாறு என்ன சொல்கிறது? 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுப் பாய்மரம் பெறுவதற்காகவே கொட்டியாரக் குடாவினுள் வந்து நின்றது. அடுத்த ஆண்டு அக்கப்பலிலிருந்து சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் கைதியாயிருந்த ரொபட் நொக்சின் கதையை நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அவன் கப்பல் ஏன் இங்கு வந்தது என்பதை மட்டும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. உடைந்த கப்பல் நாடிவரும் மரமும் ஒதுங்கிடமும் இந்தக் குடாவில் இருந்தன. அதுவே காரணம்.

மரத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். சிங்களத்தில் ஹல்மில்லை எனப்படும் மரத்துக்கு ஆங்கிலேய வணிகர் இட்ட பெயர் 'திருகோணமலை மரம்'. நேரான இழையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உடைய அம்மரம் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் உகந்ததெனப் பேர்பெற்றது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய பலகை கடல் கடந்து போய் அயற்கரையிற் படகாயிற்று. நம் ஊரிலோ அந்தப் பெயரே மறந்து போயிற்று.

ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலும் ஒன்று உண்டு. பிரித்தானியக் கடற்படையின் 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப்பொருளாக மிதந்துகொண்டிருக்கிறது. அதைக் கட்டியது இங்கிலாந்தின் கப்பற்பட்டறை என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். நெப்போலியப் போர்களினால் இங்கிலாந்தின் ஓக் மரம் அருகிய காலத்திலே, பம்பாய்த் துறையில், ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சத்தலைவரின் கண்காணிப்பில், இந்தியத் தொழிலாளரின் கைகள் தேக்கினால் அதைக் கட்டி 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கின. இருநூறு ஆண்டு கடந்தும் அது மூழ்கவில்லை. துரைமார் கப்பலில் ஏறினர், உண்மை. கட்டியவன் யார் என்பதே நம் கேள்வி.

தொலைவுக்குப் போவானேன்? வல்வெட்டித்துறைக் கரையிலே நம்மவர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் சிறிய பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர். கப்பலின் தரத்தை எடைபோட அறிந்தவர். ஏறத்தாழ 90 அடி நீளமான அக்கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தண்டயல் தம்பிப்பிள்ளையும் அவருடைய தோழர்களும் அதைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்கும், ஜிப்ரால்டர் வழியாக அத்திலாந்திக்குக்கும் செலுத்திச் சென்று, 1938 ஓகஸ்ட் முதலாம் நாள் மசச்சூசெற்சு மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தனர். கட்டியவரும் தமிழ்க் கரையின் தொழிலாளர். ஓட்டியவரும் தமிழ்க் கரையின் தொழிலாளர். பொழுதுபோக்காயிருந்தது வாங்கியவருக்கு மாத்திரமே!

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இராசேந்திர சோழனின் கடற்படை 1025இற் கடாரம் வரை சென்றதைப் பற்றி மேடைதோறும் முழங்குவோர் நம்மிடையே ஏராளம். அன்னபூரணியின் படத்தை மலர்களின் அட்டையிற் பொறிப்போரும் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: அக்கப்பலின் ஏராவை இழைத்தவன், வங்குகளை நிறுத்தியவன், பலகைகளின் இடுக்கிலே பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்துக் கலப்பத்துச் செய்தவன் - இவர்களின் பேரப்பிள்ளைகளை உங்கள் பந்தியிற் சமமாக அமர்த்துவீர்களா? அவர்களின் தொழிலை உங்கள் மகன் கற்பதற்குச் சம்மதிப்பீர்களா? கப்பலைக் கொண்டாடிக்கொண்டே கப்பல் கட்டியவனைக் கீழே வைப்பது பழம்பெருமையின் பெயரால் நடக்கும் பழம்பாவம். மன்னனுக்கு மணிமண்டபம் எழுப்புவோர் ஓடாவிக்கு ஒரு கொட்டகையேனும் எழுப்பட்டும். அதன் பிறகு பெருமை பேசட்டும்.

இனி, இயந்திர யுகம் என்னும் இரண்டாவது மறுப்பு. நாம் இயந்திரத்துக்குப் பகைவரல்லர். ஆழ்கடலுக்குச் செல்லும் தொழிலாளியை மீண்டும் துடுப்போடு மாத்திரம் அனுப்புமாறு எவரும் கேட்கவில்லை. இயந்திரம் அவன் முதுகின் சுமையைக் குறைத்தது, தூரத்தைச் சுருக்கியது, கரைக்குத் திரும்பும் நேரத்தை ஓரளவேனும் அவன் கையிற் கொடுத்தது. இவற்றை மறுப்பவன் கடலை அறியாதவன். ஆனால், இயந்திரம் வந்தபோது பாயை முற்றாகக் கழற்றி எறிந்தது யாருடைய அறிவுரையால்? 1960களின் பிற்பகுதியிற் காரைநகரிலே நோர்வே நாட்டு உதவியுடன் 'சீநோர்' தொடங்கியபோது கண்ணாடியிழை வள்ளம் வடகரைக்கு வந்தது. அது நம் தொழிலாளர் கையிலேயே உருவானது. அதில் ஒரு நன்மை இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பிறகோ நிலைமை வேறு. கண்ணாடியிழை வள்ளங்கள் உதவிப் பொருளாகக் கரையெங்கும் வந்து குவிந்தன. அவற்றுட் சில கடலுக்குத் தகுதியற்றவை என்ற எச்சரிக்கைகளும் எழுந்தன. கொடுத்தவர் படம் எடுத்துக்கொண்டு சென்றனர். வாங்கியவர்க்கு மிஞ்சியது வெளியிணைப்பு இயந்திரமும், அதற்கு நாள்தோறும் ஊற்ற வேண்டிய மண்ணெண்ணெயும்.

அந்த மண்ணெண்ணெய்க்கு என்ன நேர்ந்தது? 2022ஆம் ஆண்டை நாம் மறக்கலாமா? நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போக, எரிபொருள் வரிசைகள் தெருவெல்லாம் நீண்டன. கரையோரத்தில் வள்ளங்கள் மணலிற் கிடந்தன. கடலிலே மீன் இருந்தது. கையிலே வலை இருந்தது. வானத்திலே காற்றும் இருந்தது. எண்ணெய் மாத்திரம் இல்லை! அவ்வாண்டு ஓகஸ்டில் 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளியின் உழைப்பின் விலையைத் தொலைவிலுள்ள எண்ணெய்ச் சந்தையும் கொழும்பிலுள்ள கஜானாவும் தீர்மானித்த நாட்கள் அவை. கச்சான் காற்று அந்த மாதங்களிலும் தவறாமல் வீசியது. அதைப் பிடிப்பதற்குப் பாய்மரம் வேண்டும், பருமல் வேண்டும், ஆஞ்சானையும் தாமானையும் இழுக்கத் தெரிந்த கை வேண்டும். இவை எங்கே போயின?

நவீனம் என்பது ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுவது என நம்மவர் நினைக்கின்றனர். அறிவுடையோன் இரண்டையும் வைத்திருப்பான். தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் கரையோரத் தொழில் செய்யும் சிறு வள்ளங்களுக்கு, காற்று வாய்த்த போதெல்லாம் பாயும், காற்று ஓய்ந்தபோது இயந்திரமும் என்று இருந்தால் எண்ணெய்ச் செலவு குறையும். நடுக்கடலில் இயந்திரம் பழுதுபட்டவன் அலைக்குத் தன்னை ஒப்படைக்காமல் வீடு திரும்பவும் வழியிருக்கும். ஒரு பாய் ஓர் உயிரைக் காக்குமானால் அதைப் பிற்போக்கு என்று எவன் சொல்வான்?

மூன்றாவது மறுப்புக்கு வருவோம். "ஓடாவியின் வேலை; அது எல்லோருக்கும் வருமா?" இதில் ஏளனமும் உண்டு, ஐயமும் உண்டு. ஏளனத்துக்கு மேலே விடை சொல்லிவிட்டோம். ஐயத்துக்கு விடை சொல்வோம்.

நம் கரையின் பழைய படகுக் கலையில் இரண்டு மூலமுறைகள் இருந்தன. ஒன்று கட்டுவது, மற்றது தைப்பது. மரங்களை அணியவைத்துக் கயிற்றாற் பிணைத்தது கட்டுமரம். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்த்துக் கரையில் உலர்த்திவிடலாம். பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தது மசூலாப் படகு. ஏன் தைத்தனர்? ஆணி வாங்க வழியில்லாமலா? அன்று! சோழமண்டலக் கரையின் உடையும் அலையில் ஆணியடித்த விறைத்த படகு மணலில் மோதினாற் பிளக்கும். தைத்த படகோ வளைந்துகொடுத்து மீளும். சென்னையில் துறைமுகம் அமையுமுன் பெரிய கப்பல்களிலிருந்து பயணிகளையும் பொதிகளையும் கரைசேர்த்தவை இந்தத் தைத்த படகுகளே. அது படிப்பறியாதவனின் கைப்பழக்கம் என்று தள்ளத்தக்கதன்று. அலையின் விசையை அளந்தறிந்த பொறியியல்.

மேனாட்டார் இவ்விரண்டையும் பார்த்தனர். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலிற் கட்டுமரத்தைக் குறித்து எழுதினார். சொல் அவர்கள் மொழியில் ஏறியது. அமெரிக்கப் படகமைப்பாளர் நதானியல் ஹெரஷொவ் இரட்டை உடலுடைய 'அமரிலிஸ்' என்னும் விரைவுப் படகை 1876இற் கட்டிப் பந்தயத்தில் ஏனைய படகுகளை எல்லாம் பின்தள்ளினார். அத்தகைய படகுக்கு அடுத்த ஆண்டு காப்புரிமையும் பெற்றார். அவ்வகைப் படகை உலகம் இன்றும் கட்டுமரம் என்ற நம் சொல்லாலேயே அழைக்கிறது. பெயர் நம்முடையது, உரிமைப் பத்திரம் அவர்களுடையது!

தையலின் கதை இன்னும் சுவையானது. 1963ஆம் ஆண்டு லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில், ஜாக் ஹோல்ட் என்னும் படகமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை கற்பித்த பரி பக்னெல்லும் சேர்ந்து ஒரு சிறு பாய்ப்படகை வெளியிட்டனர். நீளம் 10 அடி 10 அங்குலம். ஒட்டுப்பலகையை அளவாக வெட்டி, விளிம்புகளைச் செப்புக் கம்பியாற் தைத்து, இணைப்பின்மேற் கண்ணாடியிழை நாடாவைப் பசையால் ஒட்டினாற் படகின் உடல் அமைந்துவிடும். விலை 63 பவுணும் 11 சிலிங்கும். தொழிலாளரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வீட்டுக் கொட்டில்களிலும் முன்னறைகளிலும் அதைக் கட்டினர். இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட 'மிரர்' படகுகள் உருவாகியுள்ளன. அதுவரை செல்வரின் சங்கங்களுக்குள் அடைபட்டுக் கிடந்த பாயோட்டத்தை உழைப்பவனின் வீட்டுக்குக் கொண்டுவந்தது எது? தையல்! நம் கரையின் மீனவன் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையின் உறவுமுறை. அவர்கள் நம்மைப் பார்த்தே கற்றனர் என்று நாம் வாதிடவில்லை. அத்தகைய வீண்பெருமை நமக்கு வேண்டியதில்லை. அங்கே சாதாரண மனிதன் தைத்துக் கட்டியதைப் போல இங்கேயும் சாதாரண மனிதன் கட்ட முடியும் என்பதே நாம் சொல்வது.

பணம் இல்லாதவனாற் கடலைக் கடக்க முடியாது என்பாரும் உண்டு. ஆங்கிலேயரான ஜேம்ஸ் வாரம் 1950களின் நடுவிலே பொலினீசிய மக்களின் இரட்டைத் தோணியை முன்மாதிரியாகக் கொண்டு, தம் கையாலேயே 23½ அடி நீளமான படகைக் குறைந்த செலவிற் கட்டினார். இரு ஜெர்மன் பெண்களோடு சேர்ந்து அதில் அத்திலாந்திக்கைக் கடந்தார். தீவு மக்களின் தோணிகள் பெருங்கடலுக்குத் தகுதியற்றவை என்று கூறிய பண்டிதர்களுக்கு அதுவே விடையாயிற்று. பின்னர் தம் வரைபடங்களை வீட்டிலே படகு கட்ட விரும்புவோருக்கு விற்றே வாழ்நாளைக் கழித்தார். அப்பயணத்தில் ஆணுக்குச் சரிநிகராகச் சுக்கான் பிடித்த பெண்களை நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். நம் கரையில் மீன் விற்கவும் கருவாடு உலர்த்தவும் பெண் வேண்டும். வள்ளத்தில் ஏற மாத்திரம் பெண் ஆகாது என்பது என்ன நியாயம்?

வீட்டிற் கட்டும் வள்ளம் பத்துப் பன்னிரண்டு அடி இருந்தாற் போதும். ஒட்டுப்பலகைக்கும் பசைக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுக்கணக்கிற் தவணை கட்டும் குடும்பங்களுக்கு, நான்கைந்து இளைஞர் கூடிப் பங்கிட்டாற் சுமக்க முடியாத செலவன்று அது. முதற் பாயைத் தார்ப்பாய்த் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ளலாம். காட்டை அழித்துப் பலகை எடுக்க வேண்டியதுமில்லை. வேண்டியது பொறுமையும், அளவுகோலும், தவறாக வெட்டிய பலகையை எடுத்து வைத்து மறுபடி வெட்டும் மனமும். இவை எந்தச் சாதிக்கும் தனிச்சொத்தல்ல. ஆயினும் கண்ணால் அணியத்தின் வளைவைப் பார்த்து, 'இங்கே அரை விரல் கூடிவிட்டது' என்று சொல்லும் முதிய ஓடாவியின் அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் உயிரோடிருக்கும்போதே அவரிடம் போய் உட்காருங்கள் என்கிறோம். அவரை ஆசிரியரென்று அழையுங்கள். ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

நான்காவது மறுப்பே மிகக் கனமானது. பாதுகாப்பு! இந்தத் துறைமுகத்தின் வரலாறு முழுவதும் இச்சொல்லின் நிழலிலேயே கிடக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் இதைத் தத்தம் கோட்டையின் முற்றமாகக் கண்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்ததும் இது பேரரசின் தளமாயிருந்ததனால் அன்றோ? 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறியது, வேலி மாறவில்லை. பின்னர் வந்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் அனுமதிச்சீட்டும், நேரக் கட்டுப்பாடும், தடைசெய்யப்பட்ட நீர்ப்பரப்பும் கடற்றொழிலாளியின் வாழ்வை எவ்வாறு நெரித்தன என்பதை இக்கரையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அறிவர். போர் 2009இல் முடிந்தது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பாடசாலையை விட்டு வெளியேறும் காலமும் ஆயிற்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையிற் பிறந்த அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த நீரின்மேல் ஒரு தடவையேனும் பாய் விரித்திருக்கின்றனர்?

சீருடை அணிந்த இளைஞர் இதே துறைமுகத்திற் பாயோட்டப் பயிற்சி பெறுகின்றனர். நல்லது; பெறட்டும். சீருடை அணியாத பாடசாலைப் பிள்ளைக்கு அதே நீரும் அதே காற்றும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? பத்தடி ஒட்டுப்பலகை வள்ளத்திற் பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பாய் விரித்துச் செல்லும் மாணவனால் நாட்டின் இறைமைக்கு என்ன ஆபத்து? துறைமுகத்தின் ஒரு பகுதியில் மிதவைகளால் எல்லை குறித்து, வள்ளங்களுக்கு இலக்கமிட்டு, உயிர்காப்பு அங்கியின்றி எவரும் இறங்கலாகாது என்ற விதியும் வைத்தால், அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. மக்களுக்கு நீரை மறுத்துவிட்டு, அதே கரையையும் அதன் எண்ணெய்க் குதங்களையும் அந்நிய அரசுகளுடனும் கம்பனிகளுடனும் பேரம் பேசும் பொருளாக வைத்திருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவதை நாம் ஏற்கமாட்டோம். வல்லரசுகள் வரைபடத்திற் பார்க்கும் துறைமுகம் ஒன்று. ஓர்ஸ் ஹில்லில் நின்று ஒரு சிறுவன் பார்க்கும் துறைமுகம் வேறொன்று. இரண்டாவதன் பெயரால் பேச ஒருவரும் இல்லை என்பதே நம் குறை.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. உட்துறைமுகக் கரையில் மழைக்கு ஒதுங்கும் ஒரு கொட்டகை. அதிலே நான்கு வேலைமேசைகள். மூவினப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், சேர்ந்து வேலை செய்யும் சனிக்கிழமைகள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நகரத்திலிருந்தும் அழைக்கப்படும் முதிய ஓடாவிமார். எல்லை குறிக்கப்பட்ட ஒரு நீர்ப்பரப்பு. மாகாண நிருவாகமும் துறைமுக அதிகார சபையும் கடற்படையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஒரு பிற்பகலிற் தீர்க்கத்தக்கவை இவை. கல்வி அதிகாரிகள் இதைப் பாடமாகவே ஏற்கலாம். கோணமும் விசையும் மிதப்பும் கரும்பலகையிற் பயிலும் மாணவன், தான் இழைத்த பலகை தன்னைச் சுமப்பதைக் காணும்போது அவற்றை மறக்கவே மாட்டான்.

அவர்கள் மேசையைச் சுற்றி அமரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதுமில்லை. வளவு நம்முடையது, உளியும் அரமும் நம்முடையவை, கூடி உழைக்கும் கைகளும் நம்மிடம் உண்டு. இவ்வாண்டு வாடைமழை பெய்யும் மாதங்களில், கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது, வீட்டுக்கூரையின் கீழ் ஏராவை வையுங்கள். பக்கத்து வீட்டாரை அழையுங்கள். ஏளனம் செய்தவரையும் பலகையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்தவன் பிறகு ஏளனம் செய்வதில்லை. மழை ஓய்ந்து கச்சான் எழும்போது நாலைந்து வள்ளங்கள் நீரோரம் வந்து நிற்கட்டும். அவற்றுக்கு அனுமதி இல்லை என்று சொல்ல வருபவர், கட்டிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.